குரோம்பேட்டையில் இரண்டு நன்கொடைகள்

எங்கள் பக்கத்தில், அதாவது திருமுடிவாக்கம், திருநீர்மலை, பம்மல் பக்கத்தில், எம்.ஐ.டி. என்றால் முதலில் பஸ் ஸ்டாப்தான். "எம்.ஐ.டி. கேட் ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கேட்டுக்குள் போனதே இல்லை. மீதிப் பேருக்கு அது அப்துல் கலாம் படித்த இடம். சுஜாதா வாசகர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சந்தோஷம் உண்டு: ரங்கராஜன் என்ற இளைஞர் எலெக்ட்ரானிக்ஸ் படித்ததும் அங்கேதான்.

சரித்திரத்தில் எனக்கு இந்த வளாகத்தின் மேல் ஆர்வம் வந்தது வேறு ஒரு காரணத்தால். ஐம்பது வருட இடைவெளியில் இரண்டு முறை, ஒரு தனிமனிதர் கொடுத்த பணத்தில், எந்தத் துறைக்குள்ளும் அடங்காத ஒரு காரியம் இங்கே தொடங்கியிருக்கிறது. முதலாவது 1949இல். இரண்டாவது 1999இல். முதலாவது தனி நிறுவனமாகப் பிறந்து, பிறகு சட்டத்தால் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. இரண்டாவது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பிறந்தது. பல துறைகள் கலந்து வேலை செய்கிற ஓர் ஆய்வு நிறுவனத்தை யார் ஆள்வது, யார் கையெழுத்துப் போட்டால் அங்கே காரியம் நடக்கும் என்ற கேள்விக்கு இந்த ஒரே கேட்டுக்குள் மூன்று காலத்துப் பதில்கள் கிடைக்கின்றன. நிர்வாகம் என்றதும் கொட்டாவி வருவது இயல்புதான். ஆனால் இந்தக் கதையில் தமிழ் இலக்கணமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் சி. ராஜம். தொழிலதிபர். 'இந்தியா ஹவுஸ்' என்ற தன் பெரிய வீட்டை விற்று, அந்தப் பணத்தில் 1949இல் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியை ஆரம்பித்தார். குரோம்பேட்டை அப்போது ஊர் என்றே சொல்ல முடியாத ஊர். பெயரே குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால் வந்தது. அங்கே ராஜம் வைத்த பாடங்களைப் பாருங்கள்: விமானப் பொறியியல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், கருவித் தொழில்நுட்பம். அந்தக் காலத்தில் பொறியியல் கல்லூரி என்றால் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல். இந்த நான்கும் அந்த மூன்றின் இடைவெளிகளில் கிடந்தவை. கருவித் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொதிகலனின் வெப்பத்தை அளந்து, அதை மின்சாரச் சைகையாக மாற்றி, அந்தச் சைகையைக் கொண்டு ஒரு வால்வைத் திருப்ப வேண்டும். இதில் இயற்பியல் எவ்வளவு, மின்னியல் எவ்வளவு, இயந்திரவியல் எவ்வளவு என்று யாரும் பங்கு பிரிக்க முடியாது.

ராஜத்தால் இதைச் செய்ய முடிந்ததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். அவர் யாரிடமும் பட்டத்துக்காகப் போய் நிற்கவில்லை. இயற்பியலோ கணிதமோ பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து, மூன்று வருடம் படிக்கவைத்து, நிறுவனமே டிப்ளமா கொடுத்தது. டி.எம்.ஐ.டி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் பாடத்திட்டக் குழு, செனட், சிண்டிகேட் என்று ஒவ்வொரு படியிலும் 'இது எந்தத் துறையின் கீழ் வரும்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. பட்டத்தை விட்டுக்கொடுத்து வாங்கிய சுதந்திரம் அது.

அந்தச் சுதந்திரத்துக்கு மாணவர்கள் கொடுத்த விலையும் உண்டு. கட்டணம். கலாம் சேரும்போது ஆயிரம் ரூபாய் அளவில் தேவைப்பட்டது, அவருடைய அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில் வரும் இன்னொரு சம்பவம் எல்லாருக்கும் தெரிந்தது. நான்கு சக மாணவர்களோடு சேர்ந்து ஒரு தாக்குதல் விமானத்தை வடிவமைக்க வேண்டும். வேலை சரியாக நகரவில்லை. பேராசிரியர் ஸ்ரீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்து, முடிக்காவிட்டால் உதவித்தொகை போய்விடும் என்கிறார். மேடைப் பேச்சாளர்கள் இதை விடாமுயற்சிக் கதையாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது வேறு. ஸ்ரீனிவாசன் அப்போது நிறுவனத்தின் இயக்குநர். வடிவமைப்புப் பாடம் நடத்தியதும் அவரே. மாணவனின் வரைபடப் பலகையைப் பார்க்கிறவரும் உதவித்தொகையை நிறுத்தக்கூடியவரும் ஒரே ஆள். நடுவில் கமிட்டி கிடையாது, கோப்பு கிடையாது. சின்ன நிறுவனம் ஆளப்பட்ட விதம் அது. நல்ல இயக்குநர் இருக்கும்வரை இதைவிட வேகமான நிர்வாகம் கிடையாது. மோசமான ஆள் வந்தால் முறையிடவும் இடம் கிடையாது.

ஒரு கொடையாளியை நம்பி நிற்பதன் ஆபத்து என்ன என்பதற்குச் சென்னையில் அதே காலத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 1950இல் ராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆய்வு நிறுவனம் தொடங்கினார். தி. விஜயராகவன் இயக்குநர். 1955இல் விஜயராகவன் இறந்தார். 1957இல் அழகப்பரும் போய்விட்டார். நிறுவனம் மூடப்படும் நிலை வந்தபோது வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் நேருவிடம் பேச வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. ஏழே வருடத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் ஆயுள் இரண்டு மனிதர்களின் ஆயுளோடு முடியப் பார்த்தது. நம்மூரில் கல்விக் கொடை பற்றிப் பேசும்போது கொடுத்தவரின் பெருந்தன்மையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவருக்குப் பிறகு சாவி யாரிடம் என்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எம்.ஐ.டி.க்கு அந்தச் சாவி 1978இல் கை மாறியது. தமிழ்நாடு சட்டமன்றம் அந்த வருடம் இயற்றிய சட்டத்தின்படி கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. நான்கையும் சேர்த்து பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவானது. 1982இல் பெயர் சுருங்கி அண்ணா பல்கலைக்கழகம் ஆயிற்று. இனி ஆளுநர் வேந்தர். உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். துணைவேந்தர், சிண்டிகேட், கல்விக் குழு, நிதிக் குழு. சிண்டிகேட்டில் அரசுச் செயலாளர்கள் பதவி வழியாகவே உட்கார்ந்திருப்பார்கள். குரோம்பேட்டையில் இயக்குநர் இருந்த இடத்தில் பின்னாளில் ஒரு டீன்.

இதை வீழ்ச்சி என்று எழுதினால் அது பொய். சம்பளம் உறுதியானது. பட்டம் பட்டமானது. இடஒதுக்கீடு வந்தது. பிறகு வந்த ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாக, அடகு வைக்க வளையல்கூட இல்லாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் எம்.ஐ.டி.க்குள் வந்தார்கள். நான் ராஜத்தின் பக்கமா 1978இன் பக்கமா என்று கேட்டால், தயங்காமல் 1978இன் பக்கம். ஆனால் சட்டம் ஒரு விஷயத்தைத் தன்னையறியாமல் மாற்றிவிட்டது. பல்கலைக்கழகச் சட்டங்கள் துறைகளை நினைத்து எழுதப்படுபவை. துறைக்கு ஒரு தலைவர், ஒரு பாடத்திட்டக் குழு, இத்தனை பணியிடங்கள், இவ்வளவு ஒதுக்கீடு. ராஜம் இடைவெளிகளில் நட்ட நான்கு செடிகளும் அதற்குள் நான்கு துறைகளாக வளர்ந்திருந்தன, அதனால் அவற்றுக்குப் பிரச்சினை இல்லை. இனிமேல் இடைவெளியில் ஏதாவது முளைத்தால் அதன் கோப்பு எந்த அலமாரியில்?

முதல் பதில் ஒரு மனிதராக வந்தது. வா. செ. குழந்தைசாமி 1981 முதல் 1990 வரை துணைவேந்தர். நீரியல் பொறியாளர். 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிஞர். 'வாழும் வள்ளுவம்' நூலுக்காக 1988இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர். தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் என்றால் பட்டியலோடு வந்து நிற்பார். அவர் காலத்து அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் துறைகளுக்கு வெளியே மையங்கள் வேர்விட்டன. படிக வளர்ச்சி மையம், தொலையுணர்வு நிறுவனம் எல்லாம் அப்படி வந்தவை. தொலையுணர்வில் ஒரே மேசையில் புவியியல்காரர், சிவில்காரர், கணினிக்காரர் மூவரும் உட்கார வேண்டும். அப்படி உட்காரவைக்க மூன்று துறைத் தலைவர்களுக்கும் மேலே உள்ள ஒருவரால்தான் முடியும்.

அடுத்து வந்த மு. அனந்தகிருஷ்ணனும் அப்படிப்பட்டவர். 1990 முதல் 1996 வரை துணைவேந்தர். ஒற்றைச்சாளரச் சேர்க்கையோடு இன்றும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். பதவி முடிந்த பிறகு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தலைமைப் பங்கு அவருடையது. நாம் இன்றும் தட்டுகிற தமிழ் 99 விசைப்பலகை அங்கே வந்ததுதான். இரண்டு பொறியாளர் துணைவேந்தர்களும் தமிழையும் கணினியையும் ஒரே விஷயமாகப் பார்த்தார்கள் என்பது பல்கலைக்கழகத்தின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். சட்டத்தில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

அதே 1999இல் குரோம்பேட்டைக்கு இரண்டாவது நன்கொடை வந்தது. கே. பி. சந்திரசேகர், அண்ணா பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். 1994இல் அமெரிக்காவில் எக்ஸோடஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கியவர். இணையதளங்களின் கணினிகளைக் குளிர்ந்த கட்டடங்களில் வைத்துப் பராமரித்துத் தருவது அந்த நிறுவனத்தின் தொழில். இணையக் குமிழி ஊதிய வருடங்களில் எக்ஸோடஸ் வானத்தில் இருந்தது. அவருடைய கொடையில் எம்.ஐ.டி. வளாகத்தில் ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் எழுந்தது. பெயரிலேயே இரண்டு பங்காளிகள்: கோட்டுக்கு முன்னால் பல்கலைக்கழகம், பின்னால் கொடையாளி.

உள்ளே என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு பக்கம் கணினி மொழியியல். தமிழ்ச் சொல்லை உருபன்களாகப் பிரிக்கும் நிரல், தமிழிலிருந்து இந்திக்கு இயந்திர மொழிபெயர்ப்பு. 'படிக்காதவர்களுக்குத்தான்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அதற்குள் வினைப்பகுதி, எதிர்மறை, பெயரெச்சம், பலர்பால், நான்காம் வேற்றுமை, அழுத்தத்துக்கான 'தான்' எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன என்பதைக் கணினிக்குச் சொல்லித்தர இலக்கணம் தெரிந்தவரும் வேண்டும், நிரல் எழுதுகிறவரும் வேண்டும். இன்னொரு பக்கம் உயிரியல் ஆய்வுக்கூடம், ரத்த நாளங்கள் எப்படி வளர்கின்றன என்ற ஆராய்ச்சி. மூன்றாவது பக்கம் கட்டற்ற மென்பொருள். 2005இல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கட்டற்ற மென்பொருள் வள மையத்தை நடத்தியவை சி-டாக் சென்னையும் ஏ.யு-கே.பி.சி.யும். அந்த முயற்சியில் வந்ததுதான் 'பாஸ்' லினக்ஸ். மையத்தின் இயக்குநராக இருந்த சி. என். கிருஷ்ணன் கட்டற்ற மென்பொருளின் தீவிர ஆதரவாளர்.

வேற்றுமை உருபும் ரத்த நாளமும் லினக்ஸும் ஒரே கூரையின் கீழ். எந்தத் துறையின் பாடத்திட்டக் குழுவிடமும் இதைக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்கியிருக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன்.

இங்கே கடல் தாண்டி இன்னொரு எம்.ஐ.டி.யைப் பார்த்துவிட்டு வரலாம். மாசசூசெட்ஸில் போர்க்காலத்து ரேடார் ஆய்வுக்கூடம் கலைந்த பிறகு, 1946இல் அதன் மிச்சத்திலிருந்து மின்னணுவியல் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது இயற்பியல் துறைக்கும் மின்பொறியியல் துறைக்கும் பொதுவானது. அவசரத்தில் எழுப்பிய 'கட்டடம் 20' என்ற மரக்கட்டடத்தில் பல வருடம் இயங்கியது. 1955இல் அங்கே இயந்திர மொழிபெயர்ப்புத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் நோம் சாம்ஸ்கி. மொழியியல்காரருக்கு மின்னணுக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது என்பது வேறு கதை. 1961இல் அதே இடத்தில் மொழியியலுக்கு முனைவர் பட்டப் படிப்பு வந்துவிட்டது. வந்தவர் நிரந்தரமானார், அவர் பாடமும் நிரந்தரமானது.

குரோம்பேட்டையிலும் மின்னணுக்காரர்கள்தான் மொழியியலுக்கு இடம் கொடுத்தார்கள். ஒற்றுமை அதுவரைக்கும்தான். இங்கே மொழியியல் துறையாகவில்லை, பட்டப் படிப்பாகவில்லை. திட்டங்களாகவே இருந்தது. இந்திய மொழிகளுக்கிடையே இயந்திர மொழிபெயர்ப்புக்காக மத்திய அரசின் பணத்தில் 11 நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்தன. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. தலைமை. அந்தக் கூட்டணியில் ஏ.யு-கே.பி.சி.யும் உண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் உண்டு. கௌரவமான இடம்தான். ஆனால் நம் நாட்டில் திட்டப் பணம் என்றால் அதற்கென்று ஒரு வாழ்க்கைமுறை இருக்கிறது. திட்டம் மூன்று வருடம் என்றால் திட்ட உதவியாளரின் வேலையும் மூன்று வருடம். கடைசி ஆறு மாதம் அவர் அகராதிப் பதிவு போடுவாரா, வேற வேலை தேடுவாரா? தமிழ் உருபனியலில் நான்கு வருடம் ஊறிய ஒருவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனால், அவர் தலைக்குள் இருந்த விதிவிலக்குகள் எல்லாம் ரயில் ஏறிவிடும். அடுத்த திட்டத்தில் புதிதாக ஒருவர் 'அவன் வந்தான்' என்பதிலிருந்து தொடங்குவார்.

கொடையாளியின் பக்கமும் காற்று மாறியது. எக்ஸோடஸ் 2001 செப்டம்பரில் திவால் மனு போட்டது. மையம் மூடவில்லை. அழகப்பரின் நிறுவனத்துக்கு 1957இல் நேர்ந்தது இங்கே நேராமல் போனதற்குக் காரணம், மையம் ஏற்கெனவே ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் நின்றுகொண்டிருந்ததுதான் என்று நினைக்கிறேன். கொடை மட்டும் இருந்தால் நிறுவனம் சாகும். சட்டம் மட்டும் இருந்தால் நிறுவனம் பிறக்காது. அந்த அளவில் 1999 ஏற்பாடு 1949 ஏற்பாட்டைவிடப் புத்திசாலித்தனமானது.

சென்னையில் வேறு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். மால்கம் ஆதிசேசய்யாவும் எலிசபெத் ஆதிசேசய்யாவும் 1971இல் அடையாறில் தொடங்கிய எம்.ஐ.டி.எஸ்., வளர்ச்சி ஆய்வு நிறுவனம், ஆறே வருடத்தில் தன்னை மாற்றிக்கொண்டது. 1977இல் அது தேசிய நிறுவனமாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, மத்திய அரசின் சமூக அறிவியல் ஆய்வுக் கழகமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து தாங்கும் ஏற்பாடு வந்தது. கொடுத்தவர் உயிரோடும் செல்வாக்கோடும் இருக்கும்போதே சாவியைப் பல கைகளில் பிரித்துக் கொடுத்தார். யுனெஸ்கோவில் உயர் பதவியில் இருந்துவிட்டு வந்தவருக்கு, தனிமனிதர் நிறுவனங்கள் எப்படி முடியும் என்பது தெரிந்திருக்கும். பொருளாதாரக்காரரும் வரலாற்றுக்காரரும் சமூகவியல்காரரும் அங்கே நிரந்தர வேலையில் ஒரே தாழ்வாரத்தில் உட்கார முடிந்தது. ஆனால் எம்.ஐ.டி.எஸ். ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இல்லை. அதற்கென்று தனி ஆட்சிக்குழு உண்டு. ஏ.யு-கே.பி.சி. போன்ற மையத்துக்குத் தலைக்கு மேல் பல்கலைக்கழகம், அதற்கு மேல் வேந்தர், அதற்கும் மேல் இப்போது நீதிமன்றம்.

அந்தக் கதைக்கு வருகிறேன். 2001இல் அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புப் பல்கலைக்கழகமானது. மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் எல்லாம் அதன் கீழ் வந்தன. 2007 முதல் அதை ஊர் ஊராகப் பிரித்தார்கள், 2012இல் திரும்ப ஒன்றாக்கினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் அங்கீகாரம், தேர்வு, மறுமதிப்பீடு, வழக்கு எல்லாம் ஒரே மேசைக்கு. குழந்தைசாமி உட்கார்ந்த அதே நாற்காலிதான். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் வரிசை ரொம்ப நீளம். 2020இல் 'சீர்மிகு நிறுவனம்' என்ற மத்திய அரசுத் தகுதி தொடர்பாகத் துணைவேந்தர் சூரப்பாவும் மாநில அரசும் மோதினார்கள். நான்கு வளாகங்களையும் இணைப்புக் கல்லூரிகளையும் இரண்டு பல்கலைக்கழகங்களாகப் பிரிக்கச் சட்டமன்றத்தில் மசோதாகூட நிறைவேறியது. 69 சதவீத இடஒதுக்கீடு என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானது. கடைசியில் மாநில அரசு அந்தத் தகுதியே வேண்டாம் என்றது.

நாற்காலியே காலியாக இருந்த காலங்களும் உண்டு. 2016 மே மாதம் ராஜாராமின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த துணைவேந்தராகச் சூரப்பா வந்தது 2018 ஏப்ரலில். ஏறக்குறைய இரண்டு வருடம் ஒருங்கிணைப்புக் குழு பல்கலைக்கழகத்தை நடத்தியது. 2024 ஆகஸ்டில் வேல்ராஜின் காலம் முடிந்ததும் மறுபடியும் குழு. துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா அரசா என்ற சண்டையில் பேரவை 2022இல் மசோதாக்களை நிறைவேற்றியது. அவை ராஜ்பவனில் தங்கின.

இந்தக் காலி நாற்காலி எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்காது என்பதுதான் நான் கவனித்த விஷயம். துணைவேந்தர் இல்லாவிட்டாலும் சிவில் துறையில் காலை எட்டரைக்கு வகுப்பு நடக்கும். தலைவர் இருக்கிறார், பாடத்திட்டம் இருக்கிறது, பணியிடம் பட்ஜெட்டில் இருக்கிறது. துறை தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும். இடைவெளியில் நிற்கும் மையத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் கோப்புக்குப் பக்கத்து அலமாரி கிடையாது, நேரே மேல் மேசைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஆளில்லை என்றால், அல்லது இருப்பவர் 'நான் தற்காலிகம்தான், கொள்கை முடிவெல்லாம் அடுத்தவர் வந்து பார்த்துக்கட்டும்' என்று நினைத்தால், புதுப் பணியிடம் இல்லை, புதுப் படிப்பு இல்லை. ஒருங்கிணைப்புக் குழு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் சரி, ஒரு மொழியியல்காரரையும் ஒரு மின்னணுக்காரரையும் பக்கத்துப் பக்கத்தில் நிரந்தரமாக உட்காரவைக்கும் துணிச்சலைக் குழுவிடம் எதிர்பார்க்க முடியாது. குழுவின் வேலை வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது.

2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. நியமன அதிகாரம் மாநில அரசுக்கு வந்துவிட்டது என்று எங்கள் பக்கத்து டீக்கடை வரைக்கும் பேச்சு. மே 21ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தேடல் குழுக்கள் அப்படியே நின்றன. எம்.ஐ.டி. கேட்டில் பஸ் நிற்கிறது, பிள்ளைகள் இறங்கி உள்ளே போகிறார்கள், துறைகளில் வகுப்பு நடக்கிறது.